ஒயின்காரர்கள் வேலை முடிந்ததும் என்ன குடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயினைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும், திராட்சை, மண், பீப்பாய் என்று எதிலிருந்து தொடங்கினாலும், கடைசியில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அதெல்லாம் சரி, இதைச் செய்யற ஆள் வீட்டுக்குப் போய் என்னதான் குடிப்பார்?" ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஒயின்காரர் என்று நான் சொல்வது எப்போது பறிப்பது, எப்போது பிழிவது, எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று முடிவெடுக்கும் ஆளை. அவர் முதலாளியாகவும் இருக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்பவராகவும் இருக்கலாம்.

ஒயின் செய்யறவங்க வீட்லயும் தினம் ஒயின்தானா?

ஒயின் குடிப்பவர்கள்தான், அதில் சந்தேகம் வேண்டாம். பிடிக்காமல் இந்தத் தொழிலில் நிலைப்பது கஷ்டம். ஆனால் பகலெல்லாம் வேலையில் தொட்ட ஒயினையே மாலையிலும் தொடுவது குறைவு. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், அதுவும் வேறு யாரோ செய்தது, வேறு திராட்சை, பெரும்பாலும் வெள்ளை அல்லது நுரைப்பது என்பதுதான் அவர்களிடமிருந்து அதிகம் வரும் பதில். அறுவடைக் காலத்தில் பீர். சில நாட்களில் எதுவுமே கிடையாது, தண்ணீர்தான். ஏன் இப்படி என்பது கீழே ஒவ்வொன்றாக வரும்.

தான் செஞ்சதையே தொட மாட்டாங்களாமே, அப்போ அதுல ஏதோ கோளாறுன்னுதானே அர்த்தம்?

அப்படி இல்லை. முதல் காரணம் வெறும் சலிப்பு. ஒரு தொட்டி ஒயினை, அது சாறாக இருந்த நாளிலிருந்து பாட்டிலில் அடைக்கும் நாள் வரை, அவர் எத்தனை முறை வாயில் வைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்: நொதிக்கும்போது தினமும் காலையில், பிறகு பீப்பாய் பீப்பாயாக, கலவை முடிவு செய்யும்போது பத்து விதமாக, வடிகட்டும் முன் ஒரு தடவை, வடிகட்டிய பின் இன்னொரு தடவை. அந்த பாட்டிலை வீட்டில் திறந்தால் அவருக்கு அந்த வருடம் முழுக்க ஞாபகம் வந்துவிடும். மழை வந்த வாரம், பழுதான பம்பு, இன்னும் இரண்டு நாள் விட்டுப் பறித்திருக்கலாமோ என்ற யோசனை. ஓய்வு நேரத்தில் யாருக்கு அது வேண்டும்?

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். ஒரே ஆலையின் ஒயினையே குடித்துக்கொண்டிருந்தால் அதன் குறைகள் மூக்குக்குப் பழகிவிடும். பிரெட்டனோமைசஸ் என்று ஒரு ஈஸ்ட் உண்டு, அது பீப்பாய்க்குள் குடியேறினால் ஒயினில் குதிரை லாயம், பிளாஸ்திரி மாதிரி ஒரு வாசனை வரும். வெளியாள் முதல் முகர்விலேயே முகத்தைச் சுளிப்பார். அதே நிலவறையில் தினமும் நிற்பவருக்கு அது "எங்கள் ஒயினின் குணம்" என்று ஆகிவிடும். இந்தப் பொறியில் விழுந்த ஆலைகள் உண்டு. அடுத்தவர் ஒயினைக் குடிப்பது இதற்கு ஒரு மருந்து, நல்ல ஒயின்காரர்கள் அதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

அறுவடை சமயத்துல எல்லாரும் பீர்தான் குடிப்பாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். "நல்ல ஒயின் செய்ய நிறைய பீர் வேண்டும்" என்பது ஆங்கிலம் பேசும் ஒயின் ஊர்களில் எல்லார் வாயிலும் அடிபடும் வாசகம். அறுவடை வடக்கு அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தெற்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அந்த வாரங்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் வேலை ஓடும். கை, சட்டை எல்லாம் சர்க்கரைப் பிசுபிசுப்பு, விரல் நகத்தில் கறுப்பேறியிருக்கும், தொட்டிகளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்பிக்கொண்டிருக்கும், காலை முதல் பாதி நொதித்த இனிப்புச் சாற்றை வாயில் வைத்து வைத்து வயிறும் ஒரு மாதிரி ஆகியிருக்கும். அந்த நிலையில் 14.5 சதவீத ஆல்கஹாலோடு ஒரு கனமான சிவப்பு ஒயினை நீட்டினால் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். குளிர்ந்தது, லேசானது, குமிழ் விடுவது, அதோடு யோசிக்க வைக்காதது வேண்டும். நாலைந்து சதவீத பீர் இந்த எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

இந்த உறவு குடிப்பதோடு நிற்கவும் இல்லை. கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் பீர் ஆலையை 1997-இல் தொடங்கியதே கோர்பெல் என்ற நுரை ஒயின் நிறுவனம்தான். அங்கே பீர் செய்ய வந்த வின்னி சிலுர்சோ ஒயின் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை, பின்னாளில் அந்த ஆலையையே வாங்கினார், பினோ நுவார், ஷார்டொனே ஒயின்கள் இருந்த பீப்பாய்களில் பீரை ஊற வைத்துப் பெயர் வாங்கினார். அதே மாநிலத்தில் 1996-இல் வந்த ஃபயர்ஸ்டோன் வாக்கர் பீருக்குப் பின்னாலும் ஒயின் தோட்டக் குடும்பம் ஒன்று இருக்கிறது. எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. மாலையில் எதைத் தேடுகிறார்களோ அதைத்தான் ஒருநாள் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

பீர் கசப்பு நாக்கைக் கெடுத்துடாதா? மறுநாள் எப்படி ருசி பார்ப்பாங்க?

மறுநாள் வரை அந்தக் கசப்பு தங்காது. ஆனால் வேலைக்கு நடுவே ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பைத் தரும் பூ) தூக்கலான பீர் குடித்துவிட்டு உடனே பீப்பாய் பார்ப்பது முட்டாள்தனம்தான், அதனால் முக்கியமான முடிவுகளைக் காலையில், சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்வார்கள். மூக்கும் நாக்கும் அப்போதுதான் கூர்மை.

சரி, ஒயின் குடிக்கற அன்னிக்கு எந்த ஒயின்? பேரச் சொல்லுங்க.

ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருக்கிறேன். முதலிடம் ஷாம்பெயினுக்கு, அதிலும் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்யும் சிறிய விவசாயிகளின் ஷாம்பெயினுக்கு. லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.' என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது அந்த வகை. அடுத்து ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின், குறிப்பாக ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் வரும் கபினெட் என்ற லேசான வகை. எட்டு, ஒன்பது சதவீத ஆல்கஹால்தான், கொஞ்சம் இனிப்பு, அதைத் தூக்கிச் சாப்பிடும் புளிப்பு. அப்புறம் பிரான்சின் வெள்ளை ஒயின்களான ஷாப்லி, லுவார் ஆற்றங்கரையின் ஷெனின் பிளாங்க், மஸ்கடே. சிவப்பு என்றால் அதே பிரான்சில் போஜொலேயின் மோர்கோன், ஃப்ளூரி போன்ற கிராமங்களின் கமே திராட்சை ஒயின், பர்கண்டியின் பினோ நுவார். இரண்டிலும் துவர்ப்பு கம்மி, நிறம் மெலிசு.

இன்னொரு பழக்கம், தன் ஊரின் இரண்டாம் வரிசை ஒயினைக் குடிப்பது. இத்தாலியின் பியெமோண்டேயில் பரோலோ என்ற சிவப்பு ஒயினைச் செய்கிறவர் அதை மரப் பீப்பாயில் 18 மாதங்களுக்காவது வைத்து, மொத்தம் 38 மாதங்கள் காத்திருந்த பிறகே விற்க முடியும், சட்டம் அப்படி. வாங்கியவரும் அதை இன்னும் பத்து வருடம் பூட்டி வைக்கத்தான் நினைப்பார். அதுவரை அந்த வீட்டு மேசையில் இருப்பது அதே ஊரின் எளிய சிவப்பு ஒயின்களான டொல்செட்டோவும் பார்பெராவும். செய்த ஆளின் அன்றாட ரசனையைத் தெரிந்துகொள்ள நினைத்தால் அவர் பெயர் வாங்கிய ஒயினை விட்டுவிட்டு இதைத் திறந்து பார்க்கலாம் என்பது என் கட்சி.

புளிப்பு மேல அப்படி என்ன ஆசை? எங்களுக்கெல்லாம் பழ வாசனையோட மெத்துன்னு இருந்தாத்தானே பிடிக்குது?

துவர்ப்பு தரும் டானின்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன, அதனால்தான் சிவப்பு ஒயின் குடித்தால் வாய் உலர்ந்து இழுக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் இந்த இழுப்பு சேர்ந்துகொண்டே போகும். பகலில் நாற்பது பீப்பாய் பார்த்தவரின் வாய் சாயந்திரம் எப்படி இருக்கும்? புளிப்பு நேர் எதிராக வேலை செய்யும், எச்சிலை ஊற வைக்கும். நுரை இருந்தால் இன்னும் நல்லது. ஆக, ஆசையில் பாதி உடம்பின் தேவை.

மீதிப் பாதி தொழில் பார்வை. புளிப்பு இருந்தால்தான் சாப்பாட்டோடு சேரும், பாட்டிலில் நிற்கும், இரண்டாவது கிளாஸ் ஊற்றத் தோன்றும். முதல் வாயிலேயே அசத்தி மூன்றாவது வாயில் திகட்டும் ஒயின்களைப் போட்டிகளிலும் விற்பனைக் கூட்டங்களிலும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். நீங்கள் மெத்தென்று இருப்பதை விரும்புவதில் தப்பே இல்லை, ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ் குடிப்பவரின் தேவை வேறு.

ஷெர்ரின்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வயசானவங்க குடிக்கற இனிப்புச் சமாச்சாரம் இல்லையா?

இனிப்பு ஷெர்ரியும் உண்டு, ஒயின்காரர்கள் மாய்ந்து போவது அதற்கில்லை. ஃபினோ, மன்சனில்யா என்ற இரண்டும் ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் ஹெரெஸ், சான்லூகர் ஊர்களில் வருபவை. 15 சதவீதம் வரை ஆல்கஹால் ஏற்றிய வெள்ளை ஒயினைப் பீப்பாயில் முழுக்க நிரப்பாமல் விட்டால் மேலே ஃப்ளோர் என்ற ஈஸ்ட் படலம் ஆடையாகப் படரும். அது காற்றை உள்ளே விடாது, மிச்சமிருக்கும் சர்க்கரை, கிளிசரால் எல்லாவற்றையும் தின்றுவிடும். கடைசியில் கையில் கிடைப்பது எலும்பு மாதிரி வறண்ட, உப்புச் சாயல் அடிக்கும் ஒயின்.

இது ஏன் அவர்களுக்குப் பிடிக்கிறது? மற்ற எல்லா ஒயினிலும் எது நடந்துவிடக் கூடாது என்று வருடம் முழுக்கக் காவல் இருக்கிறார்களோ (பீப்பாயில் காலி இடம், மேலே பூஞ்சை மாதிரி ஒரு படலம்) அதையே வேண்டுமென்று விட்டுவைத்துச் செய்யும் ஒயின் இது. பிரான்சின் ஜூராவில் வரும் மஞ்சள் ஒயினும் இதே ரகம்: சவன்யான் திராட்சை, ஆறு வருடம் மூன்று மாதம் பீப்பாயை நிரப்பாமல் காத்திருப்பு, கடைசியில் 62 சென்டிலிட்டர் பிடிக்கும் தனி வடிவ பாட்டில். தொழில் தெரிந்தவரை வாய் பிளக்க வைப்பது இந்த மாதிரி சமாச்சாரங்கள்தான். உங்களுக்கு முதல் தடவை பிடிக்காமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அவங்க குடிக்கறதெல்லாம் காஸ்ட்லி ஒயினாத்தான் இருக்கும், இல்லையா?

பெரிய பெயர்களின் ஒயினை வாங்கும் சம்பளம் பெரும்பாலான ஒயின்காரர்களுக்குக் கிடையாது. ஆனால் பணம் கொடுக்காமல் வரும் வழிகள் உண்டு. ஒன்று பண்டமாற்று: ஒரு பெட்டி உன்னுடையது, ஒரு பெட்டி என்னுடையது. ஒயின் ஊர்களில் இது ஓயாமல் நடக்கிறது, அதனால் சிறிய ஒயின்காரர் வீட்டு அலமாரியில் சில சமயம் பணக்காரர் வீட்டில் இல்லாத பாட்டில்கள் இருக்கும். இன்னொன்று லேபிள் ஒட்டாத பாட்டில்கள். லேபிள் கோணலாகப் போனது, பாட்டிலில் அடைத்து முடித்தபின் மிஞ்சியது, சோதனைக்காக எடுத்து வைத்தது என்று ஆலையில் எப்போதும் கொஞ்சம் கிடக்கும், அது வேலையாட்களோடு வீட்டுக்குப் போகும்.

வீட்டுக்குன்னு தனியா நல்லதா ஒரு பீப்பாய் ஒதுக்கி வச்சுக்குவாங்களாமே?

சின்ன அளவில் பலரும் செய்வதுதான். அப்படிச் செய்தது வரலாறாகவே ஆன கதைகள் இரண்டு உண்டு. இத்தாலியின் தஸ்கனியில் மாரியோ இன்சிசா டெல்லா ரொக்கெட்டா என்ற பிரபுவுக்கு பிரான்சின் போர்தோ ஒயின் மேல் ஆசை, அதனால் 1940-களில் கபர்னே திராட்சைக் கொடிகளை நட்டு வீட்டுக்கு மட்டும் ஒயின் செய்துகொண்டார். 1968-ஆம் ஆண்டு அறுவடை வரை அது வெளியே விற்பனைக்கே வரவில்லை. சசிகாயா என்று இன்று உலகம் முழுக்கத் தேடப்படுவது அதுதான். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் தோல் வியாபாரியான யூஜீன் எமே சலோன் 1905 முதல் தனக்கும் நண்பர்களுக்கும் என்று செய்து, 1920-களில்தான் விற்க ஆரம்பித்தார்.

இருவருமே சந்தையை நினைத்துச் செய்யவில்லை, தன் நாக்கை நினைத்துச் செய்தார்கள். இதிலிருந்து எல்லா ஆலையிலும் பின்பக்கம் ஒரு ரகசியப் பீப்பாய் இருக்கும், நமக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல பீப்பாயை விற்றுத்தானே கடன் அடைக்க வேண்டும்.

அடுத்த தோட்டத்துக்காரர் ஒயினைக் குடிக்கறது, வேவு பாக்கற வேலைதானே?

கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அடுத்தவர் ஒயினைக் குடித்ததால் ஒரு நாட்டின் ஒயினே மாறிய கதை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த மேக்ஸ் ஷூபர்ட்டை 1950-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பியது ஸ்பெயினில் ஷெர்ரி செய்முறை கற்றுக்கொண்டு வரத்தான். போன இடத்தில் போர்தோவுக்கும் போனார், அங்கே நாற்பது ஐம்பது வருடத்துப் பழைய சிவப்பு ஒயின்களைக் குடிக்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்து 1951-இல், கிடைத்த ஷிராஸ் திராட்சையை வைத்து, அப்படி நீண்ட நாள் நிற்கும் ஒயினைச் செய்ய முயன்றார். குடித்துப் பார்த்தவர்கள் திட்டினார்கள். 1957-இல் நிறுத்தச் சொல்லி உத்தரவே வந்தது, அவர் மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் செய்தார், 1960-இல் நிறுவனமே மறுபடி செய்யச் சொன்னது. கிரேஞ்ச் என்ற அந்த ஒயின்தான் இன்று அந்த நாட்டின் பெருமை. ஷெர்ரி கற்கப் போனவர் வழியில் வேறெதையும் குடிக்காமல் வந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

ஒரு நாள்ல நூறு ஒயின் ருசி பாப்பாங்களாம், சாயந்திரம் தள்ளாட மாட்டாங்களா?

துப்பிவிடுவார்கள். வாயில் சுழற்றி, கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறியதும் துப்புவதுதான் வேலை. விழுங்கத் தேவையே இல்லை. ஆனாலும் வாயின் உட்சதை வழியாகவும் தெரியாமல் இறங்கும் துளிகள் வழியாகவும் கொஞ்சம் ஆல்கஹால் ஏறத்தான் செய்யும், அதனால் நாள் முழுக்க ருசி பார்த்த பிறகு வண்டி ஓட்டுவதில் கவனமாக இருப்பார்கள்.

யாரும் கேட்காத விஷயம் பல். ஒயினின் பிஎச் அளவு பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவே, அந்தப் புளிப்பில் தினமும் ஊறினால் பல்லின் எனாமல் தேயும். ருசி பார்த்த உடனே பல் தேய்க்கக் கூடாது, இளகிய எனாமலை பிரஷ் அரித்துவிடும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்ததும் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். மாலையில் பலர் வெறும் தண்ணீரையும் பாலையும் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்ல குடிக்கும்போதாவது குறை கண்டுபிடிக்காம இருப்பாங்களா?

கஷ்டம். மெய்ப்புத் திருத்துகிற வேலையில் இருப்பவர் விடுமுறையில் கதை படிக்க உட்கார்ந்தாலும் கண் எழுத்துப்பிழையில் போய் நிற்கும் இல்லையா, அந்த நிலைதான். தக்கையில் வரும் டிசிஏ என்ற பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பயிற்சி பெற்ற மூக்குக்கு ஈரச் சாக்கு வாசனை அடித்துவிடும். மற்றவர்கள் "நல்லாத்தானே இருக்கு" என்று குடித்துக்கொண்டிருப்பார்கள், இவருக்கு அன்றைய மாலை போச்சு. பீர், காபி, ஜின் என்று தனக்குத் தொழில்ரீதியாக ஒன்றும் தெரியாத பானங்களின் பக்கம் பலர் சாய்வதற்கு இதுதான் உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன். தெரியாத ஒன்றைக் குடித்தால்தான் மனசு சும்மா இருக்கிறது.

பெரிய கிளாஸ், ஒயினை ஊத்தி வைக்கற டிகாண்டர் ஜாடி, கரெக்டான டெம்பரேச்சர்... வீட்லயும் இந்த சடங்கெல்லாம் உண்டா?

கிளாஸ் விஷயத்தில் பலரும் அலட்சியம், கையில் அகப்படும் டம்ளர் போதும். சூட்டில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சிவப்பு ஒயினைக்கூட லேசாகக் குளிர வைத்தே குடிப்பார்கள். சூடான சிவப்பில் ஆல்கஹால் வாசனை மட்டும்தான் முன்னால் நிற்கும்.

ஒரு பாட்டிலை ஒரே நாளில் முடிக்காமல் மூடி வைத்து மூன்று நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதும் அவர்களிடம் சகஜம். காற்றுப் பட்டதும் ஒயின் எப்படி மாறுகிறது, சரிகிறதா, திறந்துகொள்கிறதா என்பது அதன் ஆயுளைப் பற்றி நிறையச் சொல்லும். நான்காம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருந்தால் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, செய்தவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

பெரிய ஃபேக்டரியில லட்சக்கணக்கா பாட்டில் செய்யறவரு, அந்த ஒயினையே வீட்ல குடிப்பாரா?

சிலர் குடிப்பார்கள், பலர் மாட்டார்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல நாடுகளில், பல வருடங்களில் ஒரே மாதிரி ருசிக்கும் ஒயினை லட்சக்கணக்கில் செய்வது மிகக் கடினமான வேலை. மழை, வெயில் எப்படி இருந்தாலும் பாட்டிலில் அது தெரியக் கூடாது. ஆனால் வீட்டில் அவர் தேடுவது பெரும்பாலும் எதிர்மாறாக இருக்கும், அந்த வருடத்து மழையும் வெயிலும் நன்றாகத் தெரியும் ஒயின். வாடிக்கையாளருக்காக இனிப்பைக் கூட்டிப் புளிப்பைக் குறைத்து ஒரு ஒயினை நேர்மையாகச் செய்து, தான் அதைக் குடிக்காமல் இருப்பவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

நேச்சுரல் ஒயின் பத்தி என்ன நினைக்கறாங்க? குடிப்பாங்களா?

இரண்டு கட்சி. ஒயின் கெடாமல் இருக்கப் போடும் சல்ஃபைட்டைச் சேர்க்காமல் அல்லது மிகக் கொஞ்சமாகச் சேர்த்து, வெளியிலிருந்து ஈஸ்ட் போடாமல் செய்யும் இந்த ஒயின்களில் ஒரு கட்சி உயிர்ப்பைப் பார்க்கிறது, இன்னொன்று சோம்பேறித்தனத்தைப் பார்க்கிறது. சல்ஃபைட் குறைவான ஒயினில் எலிவாடை என்று ஒரு குறை வரும், அது ஒயினின் புளிப்பில் மறைந்திருந்து, விழுங்கியபின் எச்சில் கலந்து புளிப்பு குறைந்ததும் திடீரென்று கிளம்பும். முகர்ந்து பார்த்தால் தெரியாது. தொழில்காரர்கள் பலர் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டே குடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் நன்றாக வந்தது மிக நன்றாகவே இருக்கும்.

அந்தக் காலத்துல தோட்டத்துல வேலை செஞ்சவங்க என்ன குடிச்சாங்க?

பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி மறுபடி நொதிக்க விட்டுக் கிடைக்கும் மெலிந்த பானம். ரோமானியர்கள் இதை லோரா என்றார்கள். அறுவடை முடிந்து மூன்று மாதம் அடிமைகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்று பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ என்ற ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். பிரான்சில் இதற்கு பிகெட் என்று பெயர். நல்ல ஒயின் விற்பனைக்கு, சக்கைத் தண்ணீர் அதைச் செய்தவனுக்கு என்பதுதான் நெடுங்கால ஏற்பாடு. அடுத்தவர் ஒயினை ரசித்துக் குடிக்கும் வசதியெல்லாம் மிக அண்மைக் காலத்தது.

வேடிக்கை என்னவென்றால், சில வருடங்களாக அமெரிக்காவில் சின்ன ஆலைகள் அதே பிகெட்டை நுரையோடு பாட்டிலில் அடைத்து விற்கின்றன. ஆல்கஹால் குறைவு, புளிப்பு உண்டு, குமிழ் உண்டு. பீர் கேள்விக்குச் சொன்ன பதிலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், யார் முதலில் குடித்துத் தீர்ப்பார்கள் என்பது தெரிந்துவிடும்.

லேபிளை மறைச்சுக் கொடுத்தா, தன்னோட ஒயினைத் தானே கண்டுபிடிச்சிடுவாங்களா?

எப்போதும் இல்லை. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி நடத்திய போட்டியில் பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் மறைத்து ஊற்றினார்கள். நடுவர்களில் புகழ்பெற்ற பிரெஞ்சுத் தோட்டங்களை நடத்துபவர்களும் இருந்தார்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. எது எந்த நாட்டினுடையது என்பதிலேயே பலர் தடுமாறினார்கள். 2001-இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, ஒயினியல் படித்த 54 பேர் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள்.

அதனால்தான் ஒயின்காரர்கள் ஓய்வு நேரத்தில் கூடினால் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார்கள். தோற்றவரைக் கிண்டல் செய்வது விளையாட்டின் ஒரு பாதி. அடுத்தவர் பாட்டில் நடுவே தன் பாட்டிலையும் ரகசியமாக நுழைத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முகத்தை மாற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பது இன்னொரு பாதி. முன்னால் சொன்ன பழகிய மூக்குக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

குடிக்காமலே ஒருத்தர் ஒயின்காரரா இருக்க முடியுமா?

முடியும். துப்புவதைப் பற்றிச் சொன்னேனே, அதுதான் வழி. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் முகர்ந்தும், துளி வைத்துத் துப்பியும், குழுவில் மற்றவர் நாக்கை நம்பியும் அறுவடையை நடத்துகிறார்கள். குடியை விட்டவர்களும் இந்தத் தொழிலில் தொடர்கிறார்கள். யூத மதவிதிப்படியான கோஷர் ஒயினில் இன்னும் விசித்திரம்: சாறு பிழிந்ததிலிருந்து பாட்டில் மூடும் வரை சபாத் (வாராந்திர ஓய்வு நாள்) கடைப்பிடிக்கும் யூதர்கள் மட்டுமே ஒயினைக் கையாளலாம். ஒயின்காரர் அந்த வகையில் வராதவர் என்றால் தொட்டிக் குழாயைக்கூடத் திறக்க முடியாது, மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பதை ருசி பார்த்து வாயால் கட்டளை மட்டும் சொல்ல வேண்டும்.

தினம் கொஞ்சம் ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு அவங்களே சொல்லுவாங்களே?

விற்பவர் சொல்வதை உடம்பு விஷயத்தில் கேட்காதீர்கள். மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. ஒயினுக்கு இதில் சலுகை கிடையாது.

தொழிலுக்குள்ளேயும் இது பேசப்படாத பிரச்சினையாகத்தான் நெடுநாள் இருந்தது. எப்போதும் கை நீட்டும் தூரத்தில் பாட்டில், விற்பனை விருந்துகள், "வேலைக்காகத்தானே" என்ற சமாதானம். வாரத்தில் சில நாட்கள் ஒன்றுமே தொடுவதில்லை என்று கணக்கு வைத்துக்கொள்கிறவர்களும் ஆல்கஹால் இல்லாத பீருக்கு மாறியவர்களும் இப்போது அதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இதுவரை குடிக்காதவர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆரம்பிக்க எந்தக் காரணமும் இல்லை.

ஒரு ஒயின்காரர் வீட்டுக்குப் போறேன். என்ன வாங்கிட்டுப் போனா அசடு வழியாம இருக்கும்?

அவர் செய்த ஒயினைக் கொண்டு போக வேண்டாம், அவர் கிடங்கிலேயே இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தின் பெரிய பெயரும் வேண்டாம், அவர்களுக்குள் என்ன தகராறோ நமக்குத் தெரியாது. அதே திராட்சையில் வேறு நாட்டில் செய்ததைக் கொண்டு போனால் அன்றைய சாயந்திரம் உங்களுக்கு வகுப்பு எடுக்கப்படும். அதற்குத் தயார் என்றால் சரி.

அவர் செய்யாத வகையில், அவர் பிராந்தியத்துக்கு ரொம்ப தூரத்தில், புளிப்பாகவோ நுரையாகவோ ஒன்று போதும். கனமான சிவப்பு செய்பவருக்கு மோசல் ரீஸ்லிங், வெள்ளை செய்பவருக்கு மோர்கோன், எல்லாவற்றையும் பார்த்துவிட்டவருக்கு ஃபினோ. அறுவடை மாதமாக இருந்தால் இது எதுவும் வேண்டாம். பீரை நன்றாகக் குளிர வைத்து எடுத்துப் போங்கள், அவருக்கு மட்டும் என்றில்லாமல் தொட்டி கழுவிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் சேர்த்து.